வான்கோழியின் வயதை அறிதல்

வீட்டு வளவில் வான்கோழி வளர்க்கும் கமக்காரர், இனவிருத்திக்கு வேண்டிய பறவைகளைப் பெரும்பாலும் சந்தையிலோ அயலவரிடமோ வாங்குகின்றனர். அவ்வாறு வாங்கும்பொழுது பறவையின் பருமனையும் இறகின் பளபளப்பையும் நோக்குவோர் பலர். வயதை நோக்குவோர் சிலர். "சென்ற வருடத்துக் குஞ்சு" என்று விற்பவர் கூறினால் அதனை ஏற்றுக்கொள்வதே வழக்கமாயிருக்கின்றது. இதனால் விளையும் நட்டம் உடனே புலப்படுவதில்லை. வயது சென்ற சேவலொன்றை வாங்கி ஆறேழு பேடுகளுடன் விட்ட ஒருவர், அப்பேடுகள் முட்டையிட்டு அடைகிடந்து 28 நாட்களும் கழிந்த பின்னரே, முட்டைகளிற் பல கருக்கொள்ளாதவை என்பதைக் காண்பார். அதற்குள் இரண்டு மாதத் தீனியும் அப்பருவத்து முட்டைகளும் வீணாகிவிடும்.

வான்கோழிப் பேடு ஏழு அல்லது எட்டு மாத வயதில் முட்டையிடத் தொடங்கும். முதற் பருவத்திலேயே அது மிகுதியாக இடும். அடுத்து வரும் பருவங்களில் முட்டைத் தொகை குறைந்து செல்லும். சேவல் எட்டு, ஒன்பது மாதத்தில் இனவிருத்திக்குத் தகுதியடையும். முதல் இரண்டு ஆண்டுகளே அதற்குச் சிறந்த காலமாகும். பின்னர் உடல் பாரித்து அசைவு குன்றும். பேட்டின்மீது ஏறும்பொழுது தன் பாரத்தாலும் நகத்தாலும் அதன் முதுகையும் விலாவையும் கிழித்துவிடுவதும் உண்டு. காயப்பட்ட பேடு பின்னர்ச் சேவலை அணுகவிடாது. சந்தையிலே எல்லாரும் முதலிற் கைவைப்பது மிகப் பெரிய சேவலின்மீதே. இனவிருத்திக்கு வாங்குபவர் முதலில் ஐயுற வேண்டியதும் அச்சேவலையே. இறைச்சிக்கு வாங்குபவருக்கும் இதில் அக்கறை உண்டு. முதிர்ந்த பறவையின் தசை நார்பட்டு, நெடுநேரம் வேகவைத்தாலும் இளகாது.

காட்டு வான்கோழியிலிருந்து கற்றவை

வான்கோழி நமது நாட்டுக்கு உரிய பறவையன்று. அது வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. மெக்சிக்கோவிலே வாழ்ந்த பண்டை மக்கள் அதனைப் பழக்கி வளர்த்தனர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். பின்னரே ஆசிய நாடுகளுக்கு அது வந்து சேர்ந்தது. ('மூதுரை'யிலே மயிலோடு சேர்த்துப் பேசப்படும் வான்கோழி இப்பறவையாயிருத்தல் அரிது, பழைய பெயரொன்று புதிய பறவைக்கு வழங்கலாயிற்றுப் போலும்.) வளவில் வளரும் வான்கோழியும் அமெரிக்கக் காட்டில் இன்றும் திரியும் வான்கோழியும் ஒரே இனத்தவை. ஆகவே காட்டுப் பறவையின் வயதை அறிய அங்கே கண்டறியப்பட்ட அடையாளங்கள் வீட்டுப் பறவைக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

அவ்வடையாளங்கள் அங்கே தேடப்பட்டதற்கு ஒரு தேவை இருந்தது. காடழிப்பினாலும் அளவற்ற வேட்டையினாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் பல மாநிலங்களிற் காட்டு வான்கோழி அற்றுப்போயிருந்தது. வேட்டைத் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின்மீது விதிக்கப்படும் வரியைக் காட்டுயிர்களை மீட்கும் பணிக்கு ஒதுக்கும் சட்டம் 1937இல் நிறைவேறிற்று. 1950களில், வெடிமருந்தின் விசையால் எறியப்படும் பெரிய வலைகளைக் கொண்டு காட்டுப் பறவைகளைக் கூட்டமாக உயிருடன் பிடித்து, அவை அற்றுப்போன காடுகளிற் கொண்டுசென்று விடும் முறை பரவிற்று. பிடிபட்ட பறவைகளில் அவ்வாண்டுக் குஞ்சு எது, முதிர்ந்தது எது என்று பிரித்தறிவது அலுவலருக்கு இன்றியமையாததாயிற்று. இன்றும் அங்கே வேட்டைக்காரர் தாம் சுட்ட பறவையின் குதிமுள்ளையும் மார்பு மயிரையும் அளப்பர். அகப்பட்டவற்றில் இளையவை எத்தனை, முதியவை எத்தனை என்பதைக் கொண்டு, முன்னைய ஆண்டுகளிற் குஞ்சுகள் எவ்வளவு தப்பிப் பிழைத்தன என்பதை அலுவலர் கணிப்பர்.

எனினும் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். அமெரிக்கக் காட்டிலே வான்கோழி வசந்த காலத்தில் முட்டையிடும். குஞ்சுகளிற் பெரும்பாலானவை மே, யூன் மாதங்களிற் பொரிக்கும். எனவே ஏப்பிரில் மாதத்தில் அகப்படும் பறவை ஏறக்குறைய 10 மாதத்ததாக இருக்கும்; அன்றேல் 22 மாதத்ததாகவோ 34 மாதத்ததாகவோ இருக்கும். இடைப்பட்ட வயதினவற்றைக் காண்பது அரிது. நமது நாட்டிற் பகற்பொழுதின் நீளம் ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை. வீட்டுப் பேடுகள் வெவ்வேறு மாதங்களில் அடைகிடக்கின்றன. அங்கே படிப்படியாகப் பிரிந்து நிற்கும் வயதுகள் இங்கே ஒன்றோடொன்று கலந்து நிற்கும். ஆகையால் ஓர் அடையாளத்தை மாத்திரம் நம்பாது, இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

செட்டையின் ஓர இறகுகள்

எல்லா அடையாளங்களிலும் நம்பத்தக்கது செட்டையிலே உள்ளது. சேவலுக்கும் பேட்டுக்கும் அது பொதுவானது. ஆயினும் சந்தையில் அதனைப் பார்ப்பவர் மிக அரியர்.

பறவையைத் துரத்திப் பிடித்தலாகாது. பாரமான பறவை காலை முறித்துக்கொள்ளும். ஒற்றைக் காலிலே தூக்குதலும் கூடாது. ஒருவர் இரு கால்களையும் சேர்த்துப் பற்றிப் பறவையின் உடலைத் தம் மார்போடு அணைத்துக்கொள்ள, மற்றவர் ஒரு செட்டையை மெல்ல விரித்துப் பிடித்தல் வேண்டும். விரித்த செட்டையின் வெளிப் பாகத்தில் நீண்ட, உறுதியான இறகுகள் 10 உள. உட்புறத்திலிருந்து எண்ணி வந்தால் வெளியோரத்தில் இருப்பது பத்தாவது இறகாகும்.

குஞ்சு வளரும்பொழுது தன் முதல் இறகுகளை உட்புறத்திலிருந்து ஒவ்வொன்றாக உதிர்த்துப் புதியவற்றைப் பெறும். இவ்வுதிர்ப்பு எட்டாவது இறகோடு நின்றுவிடும். ஒன்பதாவதும் பத்தாவதும் குஞ்சுப் பருவத்து இறகுகளாகவே எஞ்சி, அடுத்த ஆண்டின் பெரிய இறகுதிர்ப்பு வரும்வரை செட்டையில் இருக்கும். அவ்விரண்டும் ஒடுங்கிக் கூரிய நுனியுடையன. அருகிலுள்ள எட்டாவது இறகோ புதியதாதலால் அகன்று, நுனி வட்டமாய் இருக்கும். முதிர்ந்த பறவையில் ஓர இறகுகள் இரண்டும் ஏனையவற்றைப் போலவே வட்ட நுனியுடன் காணப்படும். ஆகவே ஒன்பதையும் பத்தையும் எட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே இங்கு செய்ய வேண்டியது.

காட்டு நிறப் பறவைகளிலும் அவற்றை ஒத்த வெண்கல நிறப் பறவைகளிலும் மற்றோர் உதவி உண்டு. அவற்றின் செட்டை இறகுகளிற் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடும். முதிர்ந்த பறவையின் பத்தாவது இறகில் இக்கோடுகள் நுனிவரை செல்லும்; இளம் பறவையில் நுனிக்குச் சற்று முன்னரே நின்றுவிடும்; நுனி கோடின்றிச் சாம்பல் நிறமாய் இருக்கும். வெள்ளை வான்கோழியில் இக்கோடுகள் இல்லையாதலால் நுனியின் வடிவத்தை மாத்திரமே பார்த்தல் இயலும்.

ஓர இறகுகள் கூரியனவாக இருப்பின் பறவை தன் முதற் பெரிய இறகுதிர்ப்பைக் கடக்கவில்லை என்று கொள்ளலாம். அதன் வயது பெரும்பாலும் ஒன்றேகால் ஆண்டுக்கு உட்பட்டது. வட்டமாக இருப்பின் அதனைக் கடந்துவிட்டது. எத்தனை ஆண்டு கடந்தது என்பதை இறகு கூறாது. இரண்டு வயதுப் பறவைக்கும் ஐந்து வயதுப் பறவைக்கும் ஓர இறகு ஒன்று போலவே இருக்கும்.

வளர்ப்போர் பலர் பறவை வேலி தாண்டாதிருக்க ஒரு செட்டையின் இறகுகளைக் கத்தரித்து விடுவர். அவ்வாறாயின் மற்றச் செட்டையை விரித்துப் பார்த்தல் வேண்டும். இரு செட்டைகளிலும் ஓர இறகுகள் மாத்திரம் வெட்டப்பட்டிருக்கக் கண்டால், அப்பறவையை விட்டு வேறொன்றை நாடுதல் நன்று. கம்பிக்கூட்டில் அடைபட்ட பறவையின் இறகு நுனி உராய்ந்து பிய்ந்திருப்பதும் உண்டு. பிய்ந்த நுனி வட்டம் போலத் தோன்றி ஏமாற்றும். ஆதலால் நுனியின் ஓரம் ஒழுங்காக இருக்கின்றதா என்பதைக் கவனித்தல் வேண்டும்.

வால்

சேவல் வாலை விரித்து ஆடும்பொழுது, பிடிக்காமலே அறியத்தக்க அடையாளம் ஒன்று உண்டு. வாலின் பெரிய இறகுகள் 18. இளஞ் சேவலில் நடுவிலுள்ள நான்கு அல்லது ஆறு இறகுகள் முதலிற் புதியனவாகி, இரு புறத்தும் உள்ளவற்றைவிட இரண்டு மூன்று அங்குலம் நீண்டு நிற்கும். விரிந்த வாலின் விளிம்பு நடுவில் உயர்ந்து படியிறங்கியது போற் காணப்படும். முதிர்ந்த சேவலின் வால் விசிறி போல ஒரே அளவாக விரியும். கூட்டில் நெருக்கமாக அடைக்கப்பட்டவை ஒன்றன் வாலை ஒன்று கொத்திச் சிதைத்துவிடுவதால், சந்தையில் இவ்வடையாளம் கிட்டாமற் போவதும் உண்டு.

குதிமுள்ளும் மார்பு மயிரும்

சேவலின் காலிற் பின்புறமாக வளரும் குதிமுள், முதல் ஆண்டுக்குப் பின் வயதை மதிப்பிட உதவும் ஒரே அடையாளம் எனலாம். ஒரு வயதுக்கு உட்பட்ட சேவலில் அது அரை அங்குலத்துக்கு மேற்படாத மழுங்கிய முகிழாக இருக்கும். இரண்டு வயதளவில் அரை அங்குலத்துக்கும் ஒரு அங்குலத்துக்கும் இடைப்பட்டதாய், நேராகவும் நுனி சற்று மழுங்கியும் இருக்கும். மூன்று வயதில் ஒரு அங்குலத்தை அண்மியோ கடந்தோ கூர்மை பெறும். ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் நீண்டு, மேல்நோக்கி வளைந்து, ஊசி போற் கூரிய முள்ளை உடையது நான்கு வயதோ அதற்கு மேலோ ஆனது. காலின் செதில் முடியும் இடத்திலிருந்து நுனிவரை வெளி வளைவை ஒட்டி நூலொன்றை வைத்து, அந்நூலை அளவுகோலில் அளத்தல் வேண்டும். கண்ணளவு போதாது, பருத்த காலில் நீண்ட முள்ளும் குறுகியதாகத் தோன்றும்.

இவ்வளவுகள் யாவும் அண்ணளவானவை. கல்லுத் தரையில் மேயும் பறவையின் முள் தேய்ந்து குறுகும். மூன்று வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையே திட்டமாகப் பிரித்தல் இயலாது. ஆயினும் வாங்குபவர் அறிய வேண்டியது அதுவன்று. சேவல் இரண்டு வயதுக்கு இப்பாலதா அப்பாலதா என்பதே. அதற்கு இம்முள் போதும்.

பேடுகள் காயப்படாதிருக்கக் கவனமுள்ள வளர்ப்போர் சேவலின் முள்ளை அறுத்து அராவி விடுவதுண்டு. ஆகவே அறுத்த முள்ளெல்லாம் வஞ்சனைக்குச் சான்றாகா. ஆனால் அறுத்த இடத்தின் சுற்றளவைப் பார்த்தல் வேண்டும்: இளஞ் சேவலின் முள் அடியிலும் மெல்லியது, முதிர்ந்ததன் அடி தடித்துக் கொம்பு போல உறுதியாயிருக்கும். முள் அறுபட்ட சேவலை ஓர இறகு, கால் ஆகியவற்றையும் பார்த்தே மதித்தல் வேண்டும்.

மார்பிலிருந்து குதிரைவால் மயிர் போலத் தொங்கும் குச்சத்தைக் கொண்டு வயது கூறுவோர் உளர். இம்மயிர் இறகைப் போல் உதிர்வதில்லை. ஆண்டுக்கு நான்கு அங்குலம் வரை இடைவிடாது வளர்வது. ஒரு வயதுக்குள் மூன்று முதல் ஐந்து அங்குலமும், இரண்டு வயதில் எட்டு ஒன்பது அங்குலமும் இருக்கும். அதன் பின்னர் நிலத்தில் உராய்ந்து நுனி அறுந்துகொண்டே வருவதால், ஐந்து வயதுச் சேவலின் குச்சம் மூன்று வயதினதைவிட நீண்டிருக்க வேண்டுமென்பதில்லை. ஆகவே குறுகிய குச்சம் இளமைக்குச் சான்றாகலாம். நீண்ட குச்சம் முதுமையின் அளவைக் காட்டாது. பேடுகள் சிலவற்றிலும் மெல்லிய குச்சம் வளர்வதுண்டு. அதனைக் கண்டு பேட்டைச் சேவலென்று மயங்கி வாங்கினோரும் உளர்.

ஏனைய அடையாளங்கள்

வெண்கல நிற வான்கோழிக் குஞ்சின் கால் கருமை கலந்தது. வயது ஏற ஏற அது இளஞ் சிவப்பாகும். இளம் பறவையின் காற்செதில்கள் மெல்லியவாய் ஒட்டிக் கிடக்கும். முதிர்ந்ததில் தடித்துக் கரடுமுரடாகும். ஆனால் செதிலின் கீழே நுழையும் உண்ணி இளம் பறவையின் காலையும் அவ்வாறே தடிக்கச் செய்யும் என்பதை மறத்தலாகாது. தலையின் சிவப்பும் நீலமும் பறவையின் வெகுளிக்கும் அச்சத்துக்கும் ஏற்ப நிமிடத்துக்கு நிமிடம் மாறுவன. அவற்றைக் கொண்டு வயது கூறுதல் வீண். நிறையும் அத்தகையதே. நன்கு தீனியிட்ட ஓராண்டுப் பறவை, பட்டினி கிடந்த மூன்றாண்டுப் பறவையைவிடப் பாரமாயிருக்கும்.

இறைச்சிக்கு வாங்குவோர் மார்பெலும்பின் பின் நுனியை விரலால் அழுத்திப் பார்க்கலாம். இளம் பறவையில் அது குருத்தெலும்பாக இருந்து வளையும், முதிர்ந்ததில் வளையாது. அறுத்த பின்னர், மலவாயிலின் மேற்புறத்தே குடலை ஒட்டிச் சிறிய பை போன்ற உறுப்பொன்று காணப்படின் அது இளம் பறவை. முட்டையிடும் பருவத்தை அடைந்தபின் அப்பை சுருங்கி மறையும். இஃது ஐயத்தைத் தீர்க்கும். ஆனால் பணம் கைமாறிய பின்னரே.

பேட்டின் வயது

பேட்டின் நிலை வேறு. அதற்குக் குதிமுள் வளர்வதில்லை. சிறு மொட்டு மாத்திரமே காணப்படும். குச்சமும் பெரும்பாலும் இல்லை. ஓர இறகு வட்டமான பின்னர், பேட்டின் வயது இரண்டா நான்கா என்று புறத்தோற்றத்தைக் கொண்டு உறுதியாகக் கூறுதல் இயலாது. அமெரிக்கக் காட்டுப் பேடுகளின் வயதையும், குஞ்சுப் பருவத்திலோ முதலாண்டிலோ பிடித்துக் காலில் வளையம் இட்டாலன்றி அலுவலர் திட்டமாக அறிவதில்லை. "பார்த்த மாத்திரத்திலே சொல்வேன்" என்னும் தரகரின் கூற்றை இவ்விடயத்தில் நம்பவேண்டியதில்லை.

ஆதலால் முட்டைக்குப் பேடு வாங்குபவர், ஓர இறகுகள் இரண்டும் இன்னும் கூரியனவாக உள்ளவற்றையே வாங்குதல் வேண்டும். அத்தகைய பேடு முதற் பருவத்தைத் தொடங்கும் நிலையிலோ நடத்தும் நிலையிலோ இருக்கும். முட்டையிட்டுப் பழகிய பேடு என்று அதிக விலை கேட்கப்படும் பேட்டில் ஓர இறகு வட்டமாக இருப்பின், அதன் சிறந்த பருவம் சென்றுவிட்டது. அவ்விலைக்கு அது தகாது. நத்தார்க் காலத்திற் சேவல்கள் விலைபோன பின், தைமாதச் சந்தையிலே எஞ்சிய பேடுகளை மலிவாக வாங்க நினைப்போர் இதனைக் குறிப்பாகக் கவனித்தல் வேண்டும்.

வாங்கிய பின்

வாங்கி வந்த பறவையை உடனே வளவிலுள்ள ஏனைய பறவைகளுடன் சேர்த்தலாகாது. மூன்று கிழமையாவது தனிக் கூட்டில் வைத்து, மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி குடற்புழுவுக்கு மருந்து கொடுத்தல் வேண்டும். வான்கோழிக் குஞ்சுகளைக் கூட்டமாகக் கொல்லும் கருந்தலை நோயின் கிருமி, கோழியிலும் வான்கோழியிலும் வாழும் ஒருவகைக் குடற்புழுவின் முட்டையினுள் மறைந்து பரவுகின்றது. வளர்ந்த பறவை நோய்க்குறி காட்டாமலே அப்புழுவைச் சுமந்து திரியலாம். கோழி மேய்ந்த நிலத்தில் வான்கோழிக் குஞ்சுகளை விடுதலாகாது என்பதும் இதுபற்றியே.

இனி, சொந்த வளவிற் பொரிக்கும் குஞ்சுகளின் வயதை அறிவதற்கு இவ்வளவு பாடும் வேண்டியதில்லை. பொரித்த நாளிலேயே குஞ்சின் கால் விரல்களுக்கு இடையிலுள்ள மெல்லிய தோலிற் சிறு துளையிட்டு அடையாளம் செய்யலாம். ஒவ்வொரு காலிலும் இடைவெளி இரண்டு. எந்த இடைவெளியில் துளை உண்டு, எதில் இல்லை என்பதை மாற்றி மாற்றி வைத்து 16 வகை அடையாளங்களைப் பெறலாம். துளை சிறிதாயின் தோல் வளர்ந்து மூடிவிடும். ஆகையால் இரண்டு கிழமை கழித்து ஒருமுறை பார்த்தல் வேண்டும். துளையிட விரும்பாதோர் வளர்ந்த பறவையின் காலில் ஆண்டுக்கு ஒரு நிறமாகப் பிளாஸ்டிக் வளையம் இடலாம். கால் பருக்கப் பருக்க வளையத்தைத் தளர்த்தாவிடில் அது சதையை அறுக்கும். பொரித்த மாதம், துளையின் இடம் அல்லது வளையத்தின் நிறம், தாய்ப்பேடு ஆகிய மூன்றையும் நெற்கணக்கு எழுதும் கொப்பியின் கடைசிப் பக்கத்திற் குறித்து வைத்தால் அதுவே போதும். பறவையை விற்கும்பொழுது அப்பக்கத்தை வாங்குபவருக்குக் காட்டலாம். வயது தெரிந்த இளம் பேட்டுக்குச் சற்று அதிக விலை கேட்பது அப்பொழுது நியாயமே.